நாக்கு தொடும் இடம்

வீட்டில் அவளுக்கு எக்காளம் என்று பெயர். ட்ரம்பெட்டைத் தூக்கிக்கொண்டு வந்த முதல் வாரமே அண்ணன் வைத்தது. இப்போது நகர பேண்டில் முதல் நாற்காலி அவளுடையது. பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

மேல் வரிசையில் இடப்பக்கத்துப் பல் ஒன்று, வரிசையில் நிற்கப் பிடிக்காத பிள்ளையைப் போல முன்னால் முட்டிக்கொண்டு நின்றது. உச்ச சுரங்களுக்காக ஊதுவாயை உதட்டோடு அழுத்தும்போதெல்லாம் உதட்டின் உட்பக்கத்தைக் கிழித்தது. வாசித்து முடித்தால் கைக்குட்டை சிவந்திருக்கும். பல்லைச் சரிசெய்யப் போகிறேன் என்று அவள் சொன்னபோது பேண்டு மாஸ்டர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“ரத்தம் பாக்காத ட்ரம்பெட்காரன் யாரும்மா? பல்லுல கம்பி ஏறுன அன்னிக்கே நீ கடைசி வரிசைக்குப் போயிடு. நாற்காலிய நான் வேற ஆளுக்குக் குடுத்துக்கறேன்.”

அதைக் கேட்ட பிறகுதான் அவள் பல் டாக்டரம்மாவிடம் நாள் குறித்தாள்.

முன்பக்கம் கம்பி போட்டால் ஊதுவாய்க்கும் கம்பிக்கும் நடுவில் உதடு அகப்பட்டு நைந்துவிடும் என்று டாக்டரம்மா சொன்னார். “பின்னாடி போடலாம். நாக்குப் பக்கம்.” பேனாவைப் போன்ற ஒரு கேமராவை வாய்க்குள் விட்டு, மெதுவாக ஒரு சுற்று சுற்றினார். திரையில் அவளுடைய பற்கள் வந்து நின்றன. டாக்டரம்மா அவற்றைத் திருப்பினார். தன் பற்களின் முதுகை அவள் அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தாள். நிலவுக்கு மறுபக்கம் இருப்பது மாதிரி, இத்தனை வருடம் கூடவே இருந்தும் காட்டாத முகம்.

“ஒரு பல்லோட பின்பக்கம் மாதிரி இன்னொண்ணு இருக்காது. அதனால ஒவ்வொண்ணுக்கும் அளவெடுத்துத் தைக்கணும், சட்டை மாதிரி.” பல்லுக்குப் பல் ஒரு மெல்லிய தகடு, தகட்டின் மேல் கம்பியைப் பிடிக்க ஒரு கொக்கி என்று திரையில் வரைந்து காட்டினார். பேசவைத்துப் பார்த்தார். சா, சீ, சூ. “பேச்சுக்கு இது போதும்மா. ரெண்டு மூணு வாரம் கொழகொழன்னு இருக்கும், அப்புறம் பழகிடும்.”

“பேச்சு எப்படியோ போகட்டும் டாக்டர். ஊதும்போது என் நாக்கு பேசறப்போ படற இடத்துல படாது.”

“பின்ன எங்க படும்?”

அது அவளுக்கே தெரியவில்லை. நாற்காலிக்கு அடியில் இருந்த ட்ரம்பெட் பெட்டியைத் திறந்தாள்.

ஒழுங்காகப் பல் துலக்கினோமா என்று பார்க்கப் பூசும் சிவப்புச் சாயத்தை டாக்டரம்மா அவளுடைய நாக்கின் நுனியில் ஒற்றினார். அந்தச் சின்ன அறையில் அவள் ஒரே ஒரு சுரத்தை நாக்கால் தட்டி ஊதினாள். அலமாரியில் கிண்ணங்கள் அதிர்ந்தன. வரவேற்பில் இருக்கும் பெண் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தாள்.

“டாக்டர், வெளிய இருந்தவர் எழுந்து போயிட்டார். உள்ள எதைப் புடுங்குறாங்கன்னு கேட்டுட்டுப் போறார்.”

டாக்டரம்மா காதில் வாங்கவில்லை. சின்னக் கண்ணாடியை வாய்க்குள் பிடித்துக்கொண்டிருந்தார். நாக்கு பட்டு ஒட்டிய சிவப்புப் பொட்டு நடுவில் இல்லை. முட்டிக்கொண்டு நின்ற பல்லுக்குப் பின்னால், ஈறை ஒட்டி இருந்தது. பல் முன்னால் போனதால் விழுந்த குழியில் நாக்கு குடிபுகுந்திருந்தது. திரையில் மிகத் தடிமனான கொக்கி உட்கார்ந்திருந்ததும் அங்கேதான்.

திரையிலேயே கொக்கியைக் கீழே இறக்கினார். தகட்டை இன்னும் சீவினார். பிறகு கையை எடுத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். “ஒண்ணு சொல்லிடறேன். பல்லு உள்ள வர வர அந்தக் குழி மூடிடும். உன் நாக்கு வேற இடம் தேடணும்.”

“தேடட்டும். அதுக்கு வேற என்ன வேலை?”

தகடுகள் செய்து வந்த அன்று வாயை விரித்துப் பிடித்து, பற்களைக் காயவைத்து, புளிப்பான ஏதோ ஒன்றைத் தடவிக் கழுவி, பசை வைத்து, அத்தனை தகடுகளையும் ஒரே அச்சில் ஏந்தி ஒட்டினார்கள். நீல வெளிச்சம் ஒவ்வொரு பல்லாக நின்று நகர்ந்தது. கடைசியில் கம்பி கொக்கிகளுக்குள் நுழைந்தது. வீடு வருவதற்குள் நாக்கு புண்ணாகிவிட்டது.

அண்ணன் அவள் வாய்க்கு நேராகக் குனிந்து பார்த்தான். “அட, ஒண்ணுமே தெரியலயே. நாளைக்கு ஒத்திகைல வாயத் திறக்காத. மாஸ்டருக்கு எங்க தெரியப்போகுது?”

“மறைக்கவா போட்டேன்? ஊதத்தான் போட்டேன்.” ‘ச’ வரும் சொற்களைத் தவிர்த்துச் சொல்லியும் பாதி எச்சிலாக வந்தது.

“பல் போனா சொல் போச்சும்பாங்க. உனக்குப் பல் இருக்கும்போதே போச்சு.”

மறுநாள் ஒத்திகைக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்த பிறகு அவள் எழுந்து நின்றாள். “மாஸ்டர், கம்பி போட்டாச்சு,” என்றாள். அண்ணாந்து வாயைத் திறந்தும் காட்டினாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

மாஸ்டர் குச்சியைக் கீழே வைத்தார். “சொன்னது ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. முதல்ல கேளுங்க.”

உட்கார்ந்தாள். ஊர்வலப் பாட்டின் தொடக்கம் அது, ஒரே சுரம் படபடவென்று அடுக்கி வரும். முதல் அடியே வழுக்கியது. நாக்கு கம்பியில் மோதியது. வாயில் உப்புக் கரித்தது. நிறுத்தினாள். சிவப்புப் பொட்டை நினைத்துக்கொண்டாள். பாதி வேகத்தில் மறுபடி தொடங்கினாள். இந்தமுறை சுரங்கள் ஒவ்வொன்றாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் வந்தன. கடைசிவரை வந்தன.

“இது வாசிப்பா? ஊர்வலம் போயே முடிஞ்சிருக்கும். வேகம் எங்க?”

“வேகம் வரும். ஒரு சுரமாவது விட்டேனா, சொல்லுங்க.”

அவர் கடைசி வரிசையில் காலியாக இருந்த நாற்காலியைக் காட்டினார். அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், எழுந்திருக்கவில்லை. கட்டைவிரலால் ட்ரம்பெட்டின் தண்ணீர்ச் சாவியை அழுத்தி, குழாயில் தேங்கியிருந்த தண்ணீரைத் தரையில் ஊதி விட்டாள். அடுத்த பாட்டுக்குத் தாளைத் திருப்பி வைத்தாள். கூடத்தில் எல்லோரும் தங்கள் வாத்தியத்தில் ஏதாவது ஒரு திருகாணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

“தாளைப் பின்னாடி திருப்பு. எல்லாரும் தொடக்கத்துலேர்ந்து. அவ வேகத்துல.” குச்சியை எடுத்தார். “இன்னிக்கு மட்டும்.”

“பாக்கலாம் மாஸ்டர்,” என்று சொல்லிவிட்டு ஊதுவாயை உதட்டில் வைத்தாள்.