வண்டி நின்ற பிறகு

1

இது என் பெரியம்மா மகள், அதாவது என் அக்கா, என் ரவிக்கைக்கு அளவெடுத்துக்கொண்டே சொன்ன கதை. அவள் தையல்காரி. அவள் கணவர் வெளிநாட்டில் சரக்கு லாரி ஓட்டுகிறார். முதலில் இப்படித் தொடங்கினேன்:

மேகங்கள் கலைந்துகொண்டிருந்த அந்த மாலையில்...

[மேகத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? விட்டுவிட்டேன்.]

2

வண்டியை ஓரங்கட்டியதும் அத்தான் அழைப்பார். அக்கா பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டே பேசுவாள். வாய் ஓயாத மனிதர் அவர். திடீரென்று "ம்", "சரி", "சாப்பிட்டாச்சு" என்று சுருங்கிப்போனார். அக்கா உள்ளுக்குள் வெந்தாள். வேறு யாராவது வந்துவிட்டாளோ?

(அப்படி ஒருத்தியை நுழைத்தால் கதை சூடுபிடிக்கும். எனக்கும் ஆசைதான். ஆனால் அத்தான் அப்படிப்பட்டவர் இல்லை.)

விடுப்பில் வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வண்டிக்குள் கம்பெனி கேமராவும் மைக்கும் வைத்திருந்தது. பாதுகாப்புக்காம். இருக்கைக்குப் பின்னால்தான் அவர் படுக்கை, வண்டிதான் வீடு. ஒருநாள் மேலாளர் சிரித்தபடியே கேட்டாராம்: "உன் மனைவிக்கு முதுகுவலி தேவலையா?"

"நல்லாத்தானே விசாரிச்சிருக்காரு?" என்றாள் அக்கா.

"உன் முதுகுவலி நமக்குள்ள இருந்த சங்கதிம்மா. நடுத்தெருவுல துணியில்லாம நின்ன மாதிரி ஆயிடுச்சு எனக்கு. இன்னும் என்னென்ன ஒட்டுக்கேட்டிருப்பாங்களோ!"

"வெளிய இறங்கி நின்னு பேசலாமே?"

"கட்டின பொண்டாட்டிகிட்ட ஒளிஞ்சு பேச நான் என்ன திருடனா?"

3

[தனியுரிமை மனித உரிமை என்று இங்கே நீளமாக ஒரு பத்தி இருந்தது. அத்தானின் அந்த ஒரு கேள்விக்குப் பக்கத்தில் அது வெளிறிப்போய்விட்டது.]

திரும்பிப் போனவர் மற்ற ஓட்டுநர்களையும் சேர்த்துக்கொண்டு தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார். "வண்டி உங்களுது, சரக்கு உங்களுது. ஓட்டுறப்போ பாருங்க. நிறுத்தினப்புறம் என் பேச்சு என்னுது" என்றாராம்.

வேலை போய்விடுமோ என்று அக்கா பயந்தாள். "விட்டுடுங்க" என்று சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. அவருடைய பழைய பேச்சுக்கு அவ்வளவு ஏங்கிப்போயிருந்தாள்.

வழக்கு இழுத்தடித்தது. வேலை தப்பியது. வண்டி நின்றால் மைக்கும் கேமராவும் அணைய வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

4

முடிவு ஒன்று: அவர் அழுதார்.
முடிவு இரண்டு: பேச எதுவுமே மிச்சமில்லாமல் இருவரும்...

[இரண்டும் என் கற்பனை.]

நடந்தது இவ்வளவுதான். அழைப்பு வந்தது. அக்கா மிஷினை நிறுத்தினாள்.

"என்னங்க, இப்ப யாரும் கேக்கலையே?"

"யாருமில்ல. நீயும் நானும்தான்."

"அப்புறம் என்னக்கா பேசினீங்க?" என்றேன்.

அக்கா முகம் சிவக்கச் சிரித்தாள். "போடி!"

வழக்கமாக இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகர் கையில் கொடுத்துவிடுவார்கள். மன்னியுங்கள், உங்களிடமும் தருவதாக இல்லை. அது அவர்களுடையது.