முதல் நாள் ஸ்லைடு

ஜாஸ்லினுக்கு அது ஆராய்ச்சியின் மூன்றாவது வருடம். திருச்சியில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில், பேராசிரியர் சகாயநாதனிடம் ஊமத்தம்பூவின் மகரந்தத்தைப் பற்றி வேலை செய்துகொண்டிருந்தாள். காலையில் பொன்மலையிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி, ஸ்ரீரங்கம் தாண்டிக் கொள்ளிடக் கரையில் மொட்டுகளைப் பறித்துக்கொண்டுதான் லேபுக்கு வருவாள்.

மகரந்தத் துகள் சூலைத் தேடிப் போய்ச் சேரப் பிறந்தது. ஆனால் மொட்டைச் சில நாள் குளிரில் வாட்டிவிட்டுச் சத்துள்ள திரவத்தில் போட்டால், சில துகள்கள் அந்த வேலையை விட்டுவிட்டுத் தாமே முழுச் செடியாக வளரத் தொடங்கும். வெளியே எதுவும் தெரிவதற்கு முன் உட்கருவில் அது தெரிந்துவிடும். சுவரோரம் ஒதுங்கியிருந்த உட்கரு நடுவுக்கு நகரும். அதற்குள் கட்டிகட்டியாகச் சுருண்டிருந்த இழைகள் தளர்ந்து விரியும். தினமும் கொஞ்சம் துகள்களை ஃபார்மலினில் கொன்று, நீலச் சாயம் ஏற்றி, ஸ்லைடில் வைத்து, மேல்கண்ணாடியின் ஓரத்தை நெயில் பாலிஷால் அடைத்து, ஜாஸ்லின் படம் எடுப்பாள்.

ஆகஸ்டில் ஒரு நாள் சகாயநாதன், துகள்களைத் திரவத்தில் போட்ட முதல் நாளின் படம் மங்கலாக இருக்கிறது, திரும்ப எடுக்கவேண்டும் என்றார். இரண்டு வாரமாக ஃப்ரிட்ஜில் இருந்த ஸ்லைடை எடுத்துக்கொண்டு மைக்ராஸ்கோப் அறைக்குப் போனாள். ஜன்னல்களில் கறுப்புத் துணி. நடுப்பகலிலும் அங்கே இருட்டுதான். குனிந்து பார்த்தாள். முதல் நாளில் சுவரோரம் இருக்கவேண்டிய உட்கருக்கள் எல்லாம் நடுவில் இருந்தன.

"லேபிள் மாறியிருக்கும்மா," என்றார், வந்து பார்த்த சகாயநாதன்.

"இல்லை சார். அன்னைக்கு நிறமில்லாத பாலிஷ் தீர்ந்துபோச்சு. தங்கச்சியோட சிவப்பு பாலிஷத்தான் வச்சேன். சிவப்பு இது ஒண்ணுதான்."

அவர் பழைய படத்தைத் திரையில் திறந்தார். மூலையில் அதே காற்றுக்குமிழி. அதன் பக்கத்தில் அதே உடைந்த துகள். அந்தப் படத்தில் உட்கருக்கள் சுவரோரம் இருந்தன.

மறுநாள் அவர் தானே ஒரு ஸ்லைடு செய்தார். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் ஃபார்மலினில் ஊறவிட்டார். உட்கருக்கள் சுவரோரம் இருப்பதைப் படம் எடுத்து, கண்ணாடியில் கையெழுத்தைக் கீறி, தன் பீரோவில் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

எட்டு நாள் கழித்து இருவரும் அதைப் பார்த்தார்கள். சகாயநாதன் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"நீ பாரும்மா."

உட்கருக்கள் நடுவுக்கு வந்திருந்தன. சில துகள்களில் அவை இரண்டாகப் பிரிந்து, இடையில் மெல்லிய புதுச் சுவர் எழுந்திருந்தது.

"செத்தது எப்படி சார்..."

"செத்துதான் இருந்துச்சு. நானே கொன்னேன்." அவர் ஸ்லைடைக் கழற்றி எடுத்தார். "அந்தச் சிவப்பு ஸ்லைடு எங்க?"

ஜாஸ்லின் ஸ்லைடுப் பெட்டியைத் திறந்தாள். சிவப்புப் பூச்சு ஓரிடத்தில் விரிசல் விட்டிருந்தது. அந்த விரிசலிலிருந்து முடியைவிட மெல்லிய வெள்ளை நூல் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அவள் மூச்சு பட்டு அது அசைந்தது. வேர்.

"ரெண்டையும் அவிச்சிடுவோம்," என்றார்.

நீராவியில் கிருமியை அழிக்கும் ஆட்டோகிளேவ் பக்கத்து அறையில் இருந்தது. ஜாஸ்லின் ஸ்லைடுகளோடு அதன் முன்னால் போய் நின்றாள். மூடியைத் திறக்கவில்லை.

"இதை ஒரு தடவை கொன்னாச்சு சார். மறுபடியும் என்னால முடியாது."

சகாயநாதன் கையை நீட்டினார். அவள் கொடுத்தாள். வழக்கமாக இருபது நிமிடம் வைப்பார்கள். அவர் ஒரு மணி நேரம் வைத்தார். அழுத்தமானியின் முள் ஏறுவதைப் பார்த்தபடி இருவரும் நின்றார்கள். வெளியே வகுப்பு முடிந்து மாணவிகள் சிரித்துக்கொண்டு போனார்கள்.

மூடியைத் திறந்தபோது கண்ணாடிகளில் பழுப்புக் கறை மட்டும் இருந்தது. நூல் வெந்து சுருண்டிருந்தது. மைக்ராஸ்கோப் பத்தடி தள்ளித்தான் இருந்தது. ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று இருவரில் ஒருவரும் சொல்லவில்லை. அவர் அவற்றைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். என்ன செய்தார் என்று அவள் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஜாஸ்லின் ஒவ்வொரு ஸ்லைடையும் செய்த அன்றே படம் எடுத்து, அன்றே அழித்தாள். ஒன்றரை வருடம் கழித்து வாய்மொழித் தேர்வில், வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியை கேட்டார்:

"ஏம்மா, ஒரு ஸ்லைடுகூட வச்சுக்கலையா? சந்தேகம் வந்தா திரும்பப் பார்க்க வேண்டாமா?"

ஜாஸ்லின் சகாயநாதனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"வேண்டாம் மேடம்," என்றாள்.