அக்காளின் சிறுநீரகமும் தம்பியின் எருக்குவியலும்

தம்பிக்குத் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்த நாள் முதல், அவனுடைய உடம்பில் தனக்கும் பங்குண்டு என்பதில் அக்காளுக்கு எள்ளளவும் ஐயம் இருந்ததில்லை. ஆகவே, அவன் இருமலும் காய்ச்சலுமாக மீண்டும் மருத்துவமனையில் படுத்தபோது அவள் அழவில்லை, காரணத்தைத் தேடினாள்.

மருந்துகள் ஏறிக்கொண்டேயிருந்தன, காய்ச்சலோ அசைந்து கொடுக்கவில்லை. நுரையீரல் படத்தில் ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தது. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாதிருக்க அவன் உண்ணும் மாத்திரைகள், அவனுடைய எதிர்ப்புச் சக்தியைத் தாழ்த்தியிருந்தன.

“தோட்ட வேலை ஏதாவது செய்யுறீங்களா?” என்று டாக்டர் கேட்டார்.

“மண்ணைத் தொட்டே பல மாசமாச்சு டாக்டர். அக்காவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.”

மாற்றுத்துணி எடுக்க அவன் தனியே வசித்த வீட்டுக்குச் சென்ற அக்காள், கொல்லைப்புறத்தில் திகைத்து நின்றாள். பல மாதம் கிளறப்படாத எருக்குவியல் இறுகிப் புல் முளைத்திருக்க வேண்டும். இதுவோ பொலபொலவென்று, ஆவி பறக்கக் கிடந்தது. அருகே, காம்பு நீட்டப்பட்ட மண்வெட்டி ஒன்று. அதன்மேல் ஒரு ஜோடி ரப்பர் கையுறை.

போன வேகத்தில் திரும்பிவந்து, டாக்டரையும் கையோடு அழைத்துக்கொண்டு கட்டிலருகே நின்றாள்.

“என் கிட்னிய வயித்துல வெச்சுக்கிட்டு எனக்கே கதை விடுறியாடா?”

“நான் தொடலக்கா! கையுறை போட்டு, எட்ட நின்னுதான் கிளறுனேன்.”

“மூச்சையும் எட்ட நின்னுதான் விட்டியா?”

அவன் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டான்.

“கிளறும்போது பூஞ்சை தூசியா பறக்கும். நமக்கு ஒண்ணும் பண்ணாது, இவருக்கு நுரையீரல்ல குடித்தனமே நடத்தும்,” என்றார் டாக்டர். சளியைச் சோதனைக்கு அனுப்பி, அன்றே பூஞ்சைக்கான மருந்தைத் தொடங்கினார். அது சிறுநீரகத்துக்காக அவன் உண்ணும் மாத்திரையின் வீரியத்தை ஏற்றிவிடும் என்பதால், அந்த மாத்திரையின் அளவைக் குறைத்தார்.

“கிட்னி தாங்குமாக்கா?” தம்பியின் குரல் இறங்கியது.

“என்னோடதுடா அது. தாங்கும்.”

தாங்கியது. சோதனையும் பூஞ்சையையே உறுதிசெய்தது. காய்ச்சல் படிப்படியாக இறங்கியது. வீடு திரும்பியவன் சன்னல் வழியே கொல்லையைப் பார்த்துப் பதறினான்.

“என் எரு எங்கக்கா?”

“நாத்துப் பண்ணைக்காரர் வந்து அள்ளிட்டுப் போயிட்டாரு.”

“என்னைக் கேக்காமயா?”

“என்னோடதை உனக்குக் குடுத்தேன். உன்னோடதை ஊருக்குக் குடுத்தேன். சரியாப் போச்சு.”

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அக்காள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள், இருமல் வரவில்லை.