ஸ்டெப்னியில் முப்பத்திரண்டு

சர்வீஸுக்கு விட்ட காரை எடுக்கப் போனேன். கண்ணாடி அறை, காபி மெஷின் என்று இடத்தில் கல்யாணக் களை. அட்வைசர் நீட்டிய தாளில் நாற்பது வேலைகளுக்கும் ஒரே மூச்சில் போட்ட டிக். கடைசி வரியில் என் கண் நின்றது. 'ஸ்டெப்னி: காற்று சரிபார்க்கப்பட்டது, 32.'

என் ஸ்டெப்னி மூன்று வாரமாக மச்சான் வண்டியில் ஓடிக்கொண்டிருக்கிறது. அவருக்கு இரவல் கொடுப்பதும் தத்துக் கொடுப்பதும் ஒன்று.

அட்வைசரை அழைத்துப்போய் டிக்கியைத் திறந்து காட்டினேன். டயர் இருக்கவேண்டிய குழியில் ஒரு பழைய செருப்பு கிடந்தது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். மற்ற முப்பத்தொன்பது டிக்கின் லட்சணமும் புரிந்துவிட்டது.

அவர் அசரவில்லை. "எல்லாத்துக்கும் டிக் போட்டாத்தான் சார் சிஸ்டம் வண்டிய வெளிய விடும். நாளைக்குக் கம்பெனிலேர்ந்து ஃபோன் வரும், பத்துக்குப் பத்து சொல்லிடுங்க."

மறுநாள் ஃபோன் வந்தது. தேன் குழைத்த பெண் குரல்.

"எங்க சர்வீஸுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் தருவீங்க சார்?"

"முப்பத்திரெண்டு."

"பத்துக்குள்ள சொல்லணும் சார்."

"இல்லாத டயர்லயே முப்பத்திரெண்டு காத்து இருக்குன்னு எழுதினவங்கம்மா நீங்க. பத்துக்குள்ள முப்பத்திரெண்ட அடைக்கத் தெரியாதா?"