மண்டியிடாதவள்

டிம்ப்னாவுக்கு இது நான்காவது பிள்ளை. முதல் மூன்றின் ஞானஸ்நானத்தையும் அவள் கண்ணால் பார்த்ததில்லை. 1956இல், ஐரிஷ் நாட்டுப்புறமான மேயோ பக்கத்தில் அதுதான் வழக்கம். பிறந்த ஒரு வாரத்துக்குள் ஞானத்தாய் பிள்ளையைக் கோவிலுக்குத் தூக்கிப் போய்விடுவாள். பெற்றவள் தீட்டோடு வீட்டில் கிடக்க வேண்டும். பிறகொரு நாள் அவள் மெழுகுவர்த்தியோடு கோவில் வாசலில் மண்டி போட்டு, சாமியார் சுத்திகரச் செபம் சொல்லி அழைத்தால்தான் உள்ளே போகலாம். அதுவரை அவள் சுட்ட ரொட்டியைக்கூட அக்கம்பக்கத்தில் தொடமாட்டார்கள்.

போன முறை ஃபினூலா என்று பெயர் சொல்லி அனுப்பினாள். பிள்ளை பெர்னதெத்தாகத் திரும்பி வந்தது. ஃபினூலா என்று புனிதை யாரும் இல்லையாம், சாமியாரே மாற்றிவிட்டார். கணவன் மாலக்கி தொப்பியைக் கையில் பிடித்தபடி மண்டையை ஆட்டிவிட்டு வந்திருந்தான்.

இந்த முறை ஐந்தாம் நாள், ஞானத்தாயான நாத்தனார் பிலோமினா குழந்தையோடு கிளம்பியதும் டிம்ப்னாவும் கோட்டை மாட்டிக்கொண்டாள். ஊர் என்ன சொல்லும் என்று மாலக்கி கெஞ்சினான். ஊரா சுமந்து பெற்றது என்று கேட்டுவிட்டு நடந்தாள். அடிவயிறு சுரீரென்று இழுத்தது. அவள் நிற்கவில்லை.

ஞானஸ்நானத் தொட்டியருகே அவளைக் கண்டதும் ஃபாதர் ஹான்ராட்டியின் கை அப்படியே நின்றது.

"உனக்கு இன்னும் சுத்திகரம் ஆகலையேம்மா. மாதாவே அதுக்காகக் கோவிலுக்குப் போனாங்க. அவங்களைவிட நீ பெரியவளா?"

"இல்ல ஃபாதர். ஆனா பிள்ளையை அவங்க கையாலதான் தூக்கிட்டுப் போனாங்க. நாத்தனார்கிட்ட குடுத்தனுப்பலையே."

சாமியாரின் முகம் சிவந்தது. பிலோமினா பக்கம் திரும்பி, பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டார். சாமியாரை எதிர்த்துப் பிலோமினா ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. அவள் குழந்தையை டிம்ப்னாவின் கையில் கொடுத்தாள்.

"அண்ணி இங்கதான நிக்கிறாங்க. அவங்களையே கேளுங்க ஃபாதர்."

"ஃபினூலா," என்றாள் டிம்ப்னா. "வேற பேர்னா தண்ணி ஊத்த விடமாட்டேன். தூக்கிட்டுப் போயிடுவேன்."

ஞானஸ்நானம் இல்லாமல் ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பிய பாவத்தை எந்தச் சாமியார் சுமப்பார்? புனிதை பெயருக்காக முன்னால் ஒரு மேரியைச் சேர்த்து முணுமுணுத்துவிட்டு அவர் தண்ணீரை ஊற்றினார். குழந்தை வீரிட்டது. டிம்ப்னாவும் அழுதாள். முதல் மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்து அழுதாள்.

முடிந்ததும் அவர் வாசலில் மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து, வந்தது வந்துவிட்டாய், மண்டியிடு, செபத்தைச் சொல்லிவிடுகிறேன் என்றார்.

"பிள்ளை பெத்ததுக்கு நான் மண்டி போடமாட்டேன் ஃபாதர்."

குழந்தையை அணைத்தபடி அவள் வெளியே நடந்தாள். பின்னால் வந்த பிலோமினா, மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டுப் படியிறங்கினாள்.