மாமியார் சிரிக்கும் ஊர்

விடுமுறைக்குக் கொழுந்தன் இருக்கும் பள்ளத்தாக்குக்குப் போகலாம் என்று சொன்னது மூத்த மருமகள்தான். மலைக்காற்று, பழத்தோட்டம், ஓய்வு என்று கணவனிடம் காரணங்களை அடுக்கினாள். உண்மைக் காரணம் வேறு. கொஞ்ச நாள் சின்னவன் வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று கோடையில் கிளம்பிப் போன மாமியார், திரும்புகிற பேச்சையே எடுக்கவில்லை. அவரைக் கையோடு அழைத்து வந்துவிட வேண்டும். இத்தனைக்கும் மாமியார் கூட இருந்தவரை, இவர் எப்போதுதான் ஊருக்குப் போவாரோ என்று இவள் புலம்பாத வாரமில்லை. ஆனால் மாமியார் போவது வேறு, போன இடத்தில் சந்தோஷமாக இருப்பது வேறு. இரண்டாவதை எந்த மருமகளால் பொறுத்துக்கொள்ள முடியும்?

பேரிக்காய் அறுவடைக் காலம். பேருந்தை விட்டு இறங்கும்போதே ஊர் முழுக்கப் பழவாசம். தெருவுக்குத் தெரு காலிப் பெட்டிகள், சந்தில் திரும்ப முடியாமல் திணறும் லாரிகள். முடிதிருத்தும் கடைக்காரர்கூட வாசலில் ஒரு கூடையை வைத்துக்கொண்டு பழம் விற்றார். கொழுந்தன் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்று இருந்தது. பழங்களைத் தரம் பிரித்துப் பெட்டி கட்டுகிற இடம். அங்கிருந்து கலகலவென்று ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. வேலைக்கு வந்த பெண் யாரோ என்று நினைத்து எட்டிப் பார்த்தால், மாமியார்.

இவள் வீட்டில் அவர் சிரித்தது மகனுக்குப் பதவி உயர்வு வந்த அன்று ஒரு தடவை. அதுவும் பல் தெரியாமல்.

"வாம்மா, உக்காரு," என்று மருமகளுக்கு ஒரு நாற்காலியைக் காட்டிவிட்டு மாமியார் வேலையைத் தொடர்ந்தார். எதிரே ஓரகத்தி, சட்டைக் கைகளை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமியார் தள்ளிய பழம் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"அத்தை, இது அடிபட்ட பழம். நல்லதோட சேத்து வச்சிருக்கீங்க. கண்ணாடி எங்க?"

"தலை மேலதான் இருக்கு. நீ கத்தாதடி."

"தலையில வச்சா கண்ணு தெரியுமா?"

மாமியார் மறுபடியும் சிரித்தார். மூத்தவளுக்குப் பொறுக்கவில்லை. தன் வீட்டில் யாராவது அவரிடம் இப்படிக் கேட்டிருந்தால் ஒரு மாதம் பேச்சுவார்த்தை இருந்திருக்காது. இவளைப் பார்த்து அவர் ஒரு நாளாவது உரிமையாக 'டி' போட்டுப் பேசியது உண்டா? வாம்மா, சரிம்மா, வேண்டாம்மா. அவ்வளவுதான். வங்கி மேலாளராக இருக்கிற இவளிடம் இல்லாத எதை அந்த மண்ணு ஒட்டின கைக்காரியிடம் கண்டார்?

அப்போதிலிருந்தே இவளை அந்த வீடு உள்ளங்கையில் வைத்துத் தாங்கியது. டம்ளரைக் கழுவப் போனால் ஓரகத்தி பிடுங்கிக்கொண்டாள். "லீவுக்கு வந்திருக்கீங்க அக்கா, உக்காருங்க." துடைப்பத்தைத் தொட்டால், "வச்சிடும்மா, உனக்கெதுக்கு?" என்றார் மாமியார். கணவனோ தம்பியோடு தோட்டத்தில் மரத்தடியில் சுகமாகப் படுத்துக் கிடந்தான். உட்கார்ந்து உட்கார்ந்து இவளுக்கு முதுகு வலித்தது. கொட்டகையிலிருந்து சிரிப்பு கேட்கும்போதெல்லாம் தன்னைப் பற்றித்தான் ஏதோ பேசுகிறார்கள் என்று தோன்றியது. போய் நின்றால் பேச்சு பழத்தைப் பற்றியே இருந்தது. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

அன்று மாலையில் மாமியார் தனியாகச் சிக்கினார். "அத்தை, எங்ககூட கிளம்புங்க. உங்க ரூமுக்குப் புது ஏசி போட்டிருக்கேன். டிவியும் பெருசா வாங்கியாச்சு."

"பாக்கலாம்மா," என்று சொல்லிவிட்டு அவர் பெட்டிகளை மூடப் போய்விட்டார். ஏசியை விடப் பெட்டி பெரிதாகப் போய்விட்டது.

மறுநாள் மத்தியானம் எல்லோரும் லாரியில் சுமை ஏற்றப் போனார்கள். கொட்டகை காலி. நான் யாரென்று காட்டுகிறேன் என்று மூத்தவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். பழங்களைக் காம்பு மேலே பார்க்க, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் போல வரிசையாக நிறுத்தினாள். அதன் மேல் இன்னொரு அடுக்கு, அதற்கு மேல் இன்னொன்று. மூடியை அழுத்தி மூடினாள். அவர்கள் திரும்புவதற்குள் ஒரு வரிசைப் பெட்டி தயார். நெஞ்சு நிமிர்ந்தது.

ஓரகத்தி ஒரு மூடியைத் திறந்தாள். மேலடுக்குப் பழத்தை எடுத்துத் திருப்பினாள். கீழிருந்த காம்பு அதன் அடியில் ஆணி மாதிரி இறங்கியிருந்தது. அடுத்ததிலும் அப்படியே. பேரிக்காயைச் சாய்த்துப் படுக்கவைத்து, காம்பைப் பழங்களின் இடுக்குக்குள் திருப்பித்தான் அடுக்க வேண்டுமாம்.

"பரவாயில்லக்கா. நாங்க பாத்துக்கறோம்."

அந்தப் பரவாயில்லைக்குப் பதில் கன்னத்தில் ஓர் அறை வாங்கியிருக்கலாம்.

"என்ன பரவாயில்ல?" என்று பின்னாலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "குத்துப்பட்ட பழம் போற வழியிலேயே அழுகிடும். பெட்டியே போயிடும். யாரைக் கேட்டுக் கை வச்ச? உக்காரு இங்க. எல்லாத்தையும் நீயே பிரி."

மூத்தவள் உட்கார்ந்தாள். அவமானத்தில் காது சுட்டது. ஆனாலும் இந்த ஊருக்கு வந்த பிறகு இப்போதுதான் ஒழுங்காக மூச்சு விட முடிந்தது. நீயே பிரி என்றவரும் கூட உட்கார, மூன்று பேருமாகப் பழங்களைப் பிரித்தார்கள்.

"அத்தை, சும்மா உக்கார முடியலை. அதான்," என்றாள் தலை நிமிராமல்.

"தெரியுதில்ல?" என்றார் மாமியார். குரலில் கோபம் இல்லை. "உனக்கு ரெண்டு நாள். நான் உன் வீட்டுல எத்தனை வருஷம் அப்படி உக்காந்திருந்தேன்."

 மாமியாரை ஒரு துரும்பைக்கூட நகர்த்த விட்டதில்லை என்று அலுவலகம் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டவள் மூத்தவள்.

"வந்துடுங்க அத்தை. அங்கேயும் உங்களுக்கு வேலை தரேன்."

"என்ன வேலை?"

மூத்தவள் வாயைத் திறந்தாள். சமையலுக்கு ஒரு பெண் வருகிறாள். துணிக்கும் பாத்திரத்துக்கும் மெஷின். காய்கறி போனில் சொன்னால் வாசலுக்கு வந்துவிடும். மாடிச் செடிகளுக்குக் கூடத் தானாகத் தண்ணீர் போக, போன மாதம்தான் குழாய் போட்டாள். வீட்டை அறை அறையாக மனதுக்குள் சுற்றி வந்தாள். யார் கையும் தேவைப்படாதபடி எல்லாவற்றையும் அவளே பார்த்துப் பார்த்துச் செய்து வைத்திருந்தாள்.

மாமியார் ஒரு பழத்தைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். குத்திக்காட்ட அல்ல, உண்மையாகவே பதிலுக்குக் காத்திருந்தார். இவள் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருந்தால் கிளம்பியிருப்பார் போலத்தான் இருந்தது.

பிறகு அந்தப் பழத்தைச் சாய்த்து வைத்து, "அடுத்த பெட்டியைத் தள்ளுடி," என்று சின்ன மருமகளிடம் சொன்னார்.