புகை போடாத காலை

வரலாறு தனக்கு வேண்டிய ஆளைத் தானே தேடிப் பிடித்துக்கொள்ளும். நிக்கோயா வளைகுடாவின் அலையாத்திக் காட்டையும், எங்கள் நாட்டின் இந்தக் கரையோரத்தை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத அலையாத்தி ரீங்காரச்சிட்டையும் காப்பாற்ற அது என்னைத் தேர்ந்தெடுத்தது. பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்கு நான் தாமதமாகப் போனேன். அதற்குள் மற்ற எல்லோரும் வேண்டாமென்று சொல்லி முடித்திருந்தார்கள்.

அதுவரை நான் படகோட்டி எவெலியோ. தலைவரானதும் தொண்டையைச் செருமாமல் பேசுவதை விட்டுவிட்டேன். ரொட்டி வாங்கப் போன இடத்தில்கூட "நமது பல்லுயிர்ச் செல்வம்" என்று ஆரம்பிப்பேன். கடைக்காரர் சில்லறையைக் கையில் திணித்து அனுப்பிவிடுவார்.

வேலை என்று ஒன்று வந்தது இறால் பண்ணைக்காரரால்தான். எங்கள் ஓடை கடலில் சேரும் இடத்தில் குறுக்கே கரை கட்ட அவர் அனுமதி கேட்டிருந்தார். கரை எழுந்தால் கடல் நீர் உள்ளே ஏறாது. சிட்டுக்குத் தேன் கொடுக்கும் பின்யுவேலா மரங்கள் பட்டுப்போகும், அவற்றின் வேரடிச் சேற்றில் கிடக்கும் சிப்பிகளும் சாகும். அந்தச் சிப்பியில்தான் என் மனைவியின் தங்கை மயேலா வீட்டு அடுப்பு எரிகிறது. தலைநகரச் சுற்றுச்சூழல் அலுவலகம் இலெயானா என்ற அம்மாளை அனுப்பியது. அந்த ஓடையில் அவர் தன் கண்ணால் சிட்டைப் பார்த்தால் கரை கிடையாது. பார்க்காவிட்டால் கரை உண்டு. அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு காலை, அதுவும் நீர் வற்றிப் படகு தரைதட்டும் வரைதான்.

படகுத்துறைக்கு மயேலா வழக்கம்போல் முழங்கால்வரை காலுறையும் கையில் புகை டப்பாவுமாக வந்தாள். பழைய பெயின்ட் டப்பாவில் தேங்காய் மட்டை கனன்றுகொண்டிருந்தது. சிப்பி பொறுக்குகிறவர்கள் யாரும் அந்தக் கொசுப் புகை இல்லாமல் காட்டுக்குள் காலெடுத்து வைக்க மாட்டார்கள்.

"அதை அணை," என்றேன்.

"எதை?"

"புகையை. அருகிவரும் உயிரினம் மயேலா. அதன் நுரையீரல் மிளகளவுகூட இருக்காது. மேலிடத்து ஆள் முன்னால் அதை மூச்சுத்திணற வைக்கலாமா?"

"அதோட நுரையீரல் இருக்கட்டும் மச்சான். நம்ம தோலை நெனச்சுப் பாத்தீங்களா?"

"தலைவர் என்ற முறையில் சொல்கிறேன்."

"இலெயானாம்மா, நீங்களே சொல்லுங்க. இந்த ஆளு வீட்ல எங்கக்கா சொன்னா குப்பைய எடுத்து வெளிய வைக்கிறவரு. இங்க வந்து என் டப்பாவ அணைக்கச் சொல்றாரு."

இலெயானா அம்மாள் நாகரிகமானவர். "தலைவர் சொல்றாருன்னா ஏதோ காரணம் இருக்கும்," என்றார். அந்தக் காரணத்தை நானும்தான் தேடிக்கொண்டிருந்தேன். மயேலா டப்பாவைத் தண்ணீரில் முக்கினாள். சுர்ரென்றது.

ஓடைக்குள் நுழைந்த உடனேயே கொசு மொய்த்தது. பின்னாலேயே மாட்டு ஈ வந்தது, சட்டைக்கு மேலேயே கடிக்கும் ஜாதி. இலெயானா அம்மாள் ஒரு கையால் கழுத்தை அறைந்துகொண்டு மறுகையில் கேமராவைப் பிடித்திருந்தார். என் காது வீங்கி அப்பம்போல ஆனது. மரங்களில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூ நிறைந்திருந்தது. சிட்டைத்தான் காணோம்.

"மச்சான், சிட்டுக்கு மூச்சு நல்லா விட வருதான்னு கேட்டுச் சொல்லுங்க," என்றாள் மயேலா, தன் முழங்கையைச் சொறிந்தபடி.

படகின் அடி சேற்றை உரசியது. இன்னும் கொஞ்சம் வற்றினால் இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். மயேலா சொறிவதை நிறுத்திவிட்டாள். மரங்களின் வேரடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேற ஓடைக்குப் போனா இருக்குமா?" என்று கேட்டார் இலெயானா அம்மாள்.

"அங்க இருந்து எனக்கென்னம்மா? கரை இங்கதான கட்டப் போறாங்க," என்றாள் மயேலா.

இந்த இக்கட்டில் ஒரு தலைவர் என்ன செய்வார்? உரை நிகழ்த்துவார். நான் படகில் எழுந்து நின்று, பூத்த கிளையொன்றை முகத்தருகே வளைத்துப் பிடித்து, பறவையின் லத்தீன் பெயரில் தொடங்கினேன். அதன் முதுகுப் பச்சை, வயிற்று வெண்மை, கட்டைவிரல் அளவே ஆன அதன் உடலில் துடிக்கும் மாபெரும் உயிராசை என்று போய்க்கொண்டிருந்தபோது, வீங்கிய காதுக்குப் பக்கத்தில் ர்ர்ரென்று ஒரு சத்தம்.

தொப்பியைக் கழற்றி ஓங்கி ஒரு வீசு வீசினேன்.

"மச்சான்! அதுதான்!"

அடுத்த வீச்சையும் வீசிவிட்டேன். கை கேட்கவில்லை. பச்சையாக ஒன்று தொப்பியின் அடியில் நழுவி, எதிர்க்கிளையில் உட்கார்ந்து, என்னை ஒரு பார்வை பார்த்தது. பிறகு அடுத்த பூவுக்குப் போய்த் தேன் குடித்தது. கேமரா விடாமல் கிளிக் கிளிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

"அடிச்சே கொன்னுருப்பீங்களே!" என்றாள் மயேலா. திட்டிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். இலெயானா அம்மாள் கேமராவைக் கீழே வைத்துவிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். திரும்பும் வழியில் படகை நாங்கள் மூவரும் இறங்கித் தள்ளினோம். யாரும் என்னிடம் உரை கேட்கவில்லை.

பண்ணைக்காரருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அலுவலக அறிக்கையின் அட்டையில் அன்று காலையில் எடுத்த படம் ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். பறவையின் இனத்தை உறுதி செய்யும் அளவுக்குத் தெளிவாக இருந்த படம் அது ஒன்றுதானாம். அதில் சிட்டு ஓரமாகப் பறந்து தப்பிக்கிறது. நடுவில் நான் அதை அடிக்கக் கை ஓங்கியிருக்கிறேன்.